செவிவழிக் கணக்கு: பார்வையற்றோரும் கணித ஏடுகளும்

ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் ஸலாஹுத்தீன் ஸஃபதீ, பார்வையிழந்த பெருமக்களுக்கென்றே ஒரு வாழ்க்கை வரலாற்று அகராதி யாத்தார். 'நக்துல் ஹிம்யான்' என்பது அதன் பெயர். அதில் இடம்பெறும் அறிஞர்களுள் ஒருவர் ஸைனுத்தீன் ஆமிதீ. பக்தாதின் முஸ்தன்ஸிரிய்யா மதரஸாவோடு தொடர்புடையவர். ஹன்பலீ மத்ஹபைச் சார்ந்தவர். நூல் வாணிபம் செய்து வாழ்ந்தவர். இளமையிலேயே கண்ணொளி இழந்த அவர் தம்மிடமிருந்த ஏராளமான நூல்களின் விலையை எவ்வாறு நினைவில் வைத்திருந்தார் என்பதை ஸஃபதீ விளக்குகிறார். நூலொன்றை வாங்கியதும் மெல்லிய காகிதத் துண்டொன்றை எடுத்து முறுக்குவார். விலைக்குரிய அப்ஜத் எழுத்தின் வடிவில் அதை வளைப்பார். நூலட்டையின் உட்புறத்தில் ஒட்டி, அதன்மீது இன்னொரு காகிதத்தைப் பதித்துவிடுவார். விலை மறந்தால் அவ்விடத்தை விரலால் தடவிப் பார்ப்பார். நாற்பத்தைந்து என்றால் நாற்பதுக்குரிய மீமும் ஐந்துக்குரிய ஹாவும் விரலுக்குத் தட்டுப்படும்.

இச்செய்தியை எடுத்துக்காட்டி, 'பிரெய்ல் முறையைக் கண்டவர் ஆமிதீயே' என்று எழுதுவோர் நம்மிடையே உளர். அது மிகையுரை. லூயி பிரெய்ல் (1809-1852) ஆமிதீயைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார் என்பதற்குச் சான்றில்லை; இரு முறைகளும் இயல்பில் வேறானவை. ஆமிதீ கண்ணுள்ளோர் எழுதும் எழுத்தின் வடிவத்தையே மேடாக்கினார். பிரெய்லோ அவ்வடிவத்தை அறவே துறந்து, விரல் நுனிக்குள் அடங்கும் ஆறு புள்ளிகளைத் தேர்ந்தார். எனினும் நாம் ஆமிதீயிடம் வியப்பது ஒன்றுண்டு. அவர் தொட்டறிய விரும்பியது சொல்லையன்று, எண்ணை. பார்வையற்றோர் கல்வி வரலாற்றில் சொல்லுக்கு வழி கிடைத்தும் எண்ணுக்குக் கிடைக்காமற்போன இடங்களே மிகுதி. இக்கட்டுரை அவ்வழியைப் பற்றியது.

கணிதம் என்றுமே கண்ணுக்குரிய கலையாக இருந்ததில்லை. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் முஹம்மத் இப்னு மூஸா அல்-குவாரிஸ்மீ எழுதிய 'அல்-ஜப்ர்' நூலில் ஒரு குறியீடும் இல்லை. கணக்குகள் யாவும் சொற்களாலேயே நடக்கின்றன. ஒரு வர்க்கமும் அதன் பத்து வேர்களும் சேர்ந்து முப்பத்தொன்பது ஆகும், அவ்வேர் யாது என்று வினவி, விடை மூன்று எனக் காட்டும் அவரது புகழ்மிக்க கணக்கு, வாசிக்கக் கேட்டாலே விளங்கும். நிறுவலுக்கு அவர் வரையும் சதுரங்களை மட்டும் விலக்கிவிட்டால், அந்நூலைக் கண்பார்வையற்ற மாணவருக்கு ஒருவர் ஓதிக்காட்டலாம், எதுவும் குறையாது. நம் திண்ணைப் பள்ளிகளின் எண்சுவடியும் அத்தகையதே. முந்திரி, காணி, மாகாணி, அரைக்கால், கால், அரை, முக்கால் எனப் பின்னங்களுக்குத் தனித்தனிப் பெயர்களைத் தமிழ் வைத்திருந்ததும், அவற்றை மாணவர் முறைவைத்து ஓதியதும் செவிவழிக் கல்வியே.

நிலைமை மாறியது குறியீடுகளால். மேலே ஓர் எண், இடையே ஒரு கோடு, கீழே ஓர் எண் என்னும் பின்ன வடிவம் மக்ரிபைச் சேர்ந்த அல்-ஹஸ்ஸாரின் ஏட்டில் ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில் காணப்படுகிறது. பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளின் ஐரோப்பியக் கணிதம் அடுக்குக்குறியை மேலேற்றியது. மூலக்குறியின் கூரையை நீட்டியது. கணிதம் ஒரே வரியில் ஓடுவதை விட்டு, மேலும் கீழும் பரவலாயிற்று. கண்ணுக்கு இது பேருதவி. ஒரே பார்வையில் எது எதன்மேல் உள்ளது என்று தெரிந்துவிடும். ஆனால் செவி ஒன்றன்பின் ஒன்றாகவே பெறும், விரலும் அவ்வாறே. இந்த இடைவெளியே பார்வையற்ற மாணவருக்கும் கணிதத்துக்கும் நடுவே எழுந்த சுவர்.

சுவர் எவ்வளவு தடித்தது என்பதை உணர நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிஸா பேகம் துயிலும் பள்ளிவாசலால் பெயர்பெற்றது எங்கள் திண்டுக்கல் பேகம்பூர். இங்கே நாம் அறிந்த ஹாஃபிழ் ஒருவர் பிறவியிலேயே பார்வையற்றவர். திருக்குர்ஆன் முழுவதும் அவர் நெஞ்சில் உள்ளது. 'நிஸா' அத்தியாயத்தின் பதினோராவது, பன்னிரண்டாவது வசனங்களில் பாதி, கால், அரைக்கால், மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று என்று வரும் வாரிசுப் பங்குகளைச் சற்றும் தடையின்றி ஓதுவார். ஆனால் ஃபராயிள் கலையைக் கற்க அவர் முனைந்தபோது ஏட்டிலுள்ள அட்டவணைகள் அவரைத் தடுத்தன. கணவனையும் உடன்பிறந்த சகோதரியர் இருவரையும் விட்டு ஒரு பெண் இறக்கிறாள். கணவனுக்குப் பாதி, சகோதரியருக்கு மூன்றில் இரண்டு. ஆறு பங்காக வைத்தால் மூன்றும் நான்கும் ஏழாகி முழுமையை விஞ்சும். எனவே சொத்தை ஏழு கூறாக்கி, கணவனுக்கு மூன்றும் சகோதரியருக்கு நான்கும் தர வேண்டும். இதுவே 'அவ்ல்'. ஓர் அச்சகத்தில் தட்டச்சான இவ்வட்டவணையை அவருடைய கணினி வாசித்தபோது நாம் உடனிருந்தோம். மேல்வரியின் 1, 2 இரண்டையும் சேர்த்துப் 'பன்னிரண்டு' என்றது. கீழ்வரியின் 2, 3 இரண்டையும் சேர்த்து 'இருபத்துமூன்று' என்றது. பாதியும் மூன்றில் இரண்டும் எங்கே போயின?

இதைக் கடந்தவர்கள் வரலாற்றில் உண்டு. கைக்குழந்தையிலேயே பெரியம்மையால் கண்ணிழந்த நிக்கொலாஸ் சாண்டர்சன், துளையிட்ட பலகையில் ஊசிகளைச் செருகி எண்களைத் தொட்டறியும் முறையொன்றை வகுத்துக்கொண்டு, 1711இல் கேம்பிரிட்ஜில் நியூட்டன் அமர்ந்திருந்த லூகாசியன் பேராசிரியர் பீடத்தை அடைந்தார். ரஷ்யாவின் பொன்திரியாகின் பதினான்கு வயதில் வெடிவிபத்தொன்றில் பார்வையிழந்தார். கணிதமே அறியாத அவருடைய அன்னை, நூல்களை அவருக்கு வாசித்துக்காட்டினார். குறிகளின் பெயர் தெரியாதபோது அவற்றின் தோற்றத்தைச் சொல்லியே வாசித்தார் என்பர். மாமேதைகளையும் தியாகத் தாயர்களையும் நம்பி ஒரு கல்விமுறையை அமைத்துவிட முடியாது என்பதே நம் கருத்து. சராசரி மாணவனுக்கு வழி வேண்டும்.

அவ்வழியில் முதல் திருத்தமான அடியை வைத்தவர் ஆபிரகாம் நெமத் (1918-2013). நியூயார்க்கில் பிறந்த இப்பார்வையற்றவரிடம், கணிதம் உனக்கு ஆகாது என்று வழிகாட்டிகள் சொல்ல, அவர் உளவியல் பயின்றார். பிறகு கணிதத்துக்கே திரும்பி டெட்ராய்ட் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு கற்பித்தார். 1952இல் வெளியான அவரது கணிதப் பிரெய்ல் முறையின் நுட்பம் எண்களை அவர் வைத்த இடத்தில் உள்ளது. வழக்கமான பிரெய்லில் எண்களுக்குத் தனி உருவமில்லை. எண்குறி ஒன்றை முன்னே இட்டு, ஆங்கில அகரவரிசையின் முதல் பத்து எழுத்துகளையே எண்களாகக் கொள்வர். '2அ' என்று எழுத முயன்றால், ஒன்றாம் புள்ளியாகிய அகரமே எண் ஒன்றுமாதலால், விரல் அதை இருபத்தொன்று என்று படிக்கும். இயற்கணிதத்தில் இது பெருங்கேடு. நெமத் எண்களைக் கட்டத்தின் கீழ்ப்பாதிக்கு இறக்கினார். எழுத்து மேலே, எண் கீழே, குழப்பம் தீர்ந்தது. பின்னத்தின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும், அடுக்கு மேலேறுவதற்கும் வரிக்கு மீள்வதற்கும் தனித்தனிக் குறிகள் வகுத்தார். மேலும் கீழும் பரவிய கணிதம் மீண்டும் ஒரே வரிக்கு வந்தது. குவாரிஸ்மீயின் காலத்துக்குத் திரும்பியது என்றுகூடச் சொல்லலாம்.

நம் நாட்டு வரலாறு சற்றே வேறு. 1887இல் அமிர்தசரஸில் ஆனி ஷார்ப் அம்மையார் தொடங்கியதே இந்தியாவின் முதல் பார்வையற்றோர் பள்ளி. அதையடுத்த சில ஆண்டுகளில் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பள்ளி கண்டார். மொழிக்கொன்றாகப் பல பிரெய்ல்கள் வழங்கிய நிலையை மாற்றி, 1951இல் 'பாரதி பிரெய்ல்' ஏற்கப்பட்டது. அதே ஆண்டில் யுனெஸ்கோ பெய்ரூத்தில் கூட்டிய மாநாட்டில் அரபுப் பிரெய்லும் ஒருமைப்படுத்தப்பட்டது. ஒலியொத்த எழுத்துக்கு ஒரே புள்ளிகள் என்பது இரண்டுக்கும் பொதுவான நெறி. ஆகவே தமிழ்க் ககரமும் அரபுக் காஃபும் விரலுக்கு ஒன்றே. லகரமும் லாமும், மகரமும் மீமும் அவ்வாறே. தமிழை அரபெழுத்தில் எழுதி அரபுத் தமிழ் வளர்த்த நம் முன்னோர் இதை அறிந்தால் பெரிதும் மகிழ்ந்திருப்பர். பிரெய்லில் அரபும் இடமிருந்து வலமாகவே ஓடும் என்பது இன்னொரு வியப்பு.

ஆனால் இந்த ஒருமைப்பாடு கணிதத்தைக் கருதிச் செய்யப்பட்டதன்று. பாரதி பிரெய்லில் ஆகாரத்துக்குரிய மூன்று, நான்கு, ஐந்தாம் புள்ளிகள் நெமத் முறையில் வர்க்கமூலக் குறி. ஐகாரத்துக்குரிய மூன்று, நான்காம் புள்ளிகள் அங்கே பின்னக்கோடு. தமிழ்ச் சொற்றொடர் நடுவே சூத்திரம் வரும்போது, 'இனிக் கணக்கு' 'இனித் தமிழ்' என்று உணர்த்தும் தெளிவான எல்லைக்குறி இல்லையேல் மாணவர் ஆகாரத்தை மூலக்குறியாகப் படித்துவிடுவார். கோவையைச் சேர்ந்த எம்.என்.ஜி.மணியும் உடனாசிரியர்களும் பார்வையற்ற குழந்தைகளுக்குக் கணிதம் கற்பிக்கும் முறைபற்றி எழுதிய ஆங்கில நூல் 2005இல் வந்தது. ஆசிரியர்களுக்கு அது இன்றும் பயன்தரும் கைந்நூல்.

இனிக் கணினிக்கு வருவோம். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் டொனால்ட் கனூத் தம் நூலின் மறுபதிப்புக்கான அச்சுப்படிகளைக் கண்டு மனம் நொந்து, 1977இல் தாமே ஓர் அச்சுக்கோப்பு மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். அதுவே 'டெக்ஸ்'. அதன்மீது லெஸ்லி லாம்போர்ட் 1980களில் 'லாடெக்ஸ்' எழுப்பினார். இதில் கணிதத்தை வரைவதில்லை, சொல்லால் எழுதுகிறோம். பின்னம் வேண்டுமெனில் பின்னத்தைக் குறிக்கும் கட்டளைச் சொல்லை இட்டு, தொகுதியை ஓர் அடைப்பிலும் பகுதியை இன்னோர் அடைப்பிலும் தருகிறோம். கோட்டை எங்கே வரைவது என்பது கணினியின் வேலை. கனூத் நாடியது அச்சின் அழகை. பார்வையற்றோரை எண்ணி அவர் இதைச் செய்யவில்லை. எனினும் மூலக் கோப்பு முழுவதும் ஒரே வரியில் ஓடும் எழுத்துகளாதலால், கணிதம் எழுதும் உலகம் தன்னையறியாமலே பார்வையற்றோர் படிக்கத்தக்க கோப்புகளைக் குவிக்கலாயிற்று.

அக்குவியலின் பயனை முழுமையாகக் கண்டவர் ஓர் இந்தியர். புணேயில் வளர்ந்த டி.வி.ராமன் பதினான்கு வயதில் கண்ணழுத்த நோயால் பார்வையை இழந்தார். புணேயில் கணிதப் பட்டமும் மும்பை ஐ.ஐ.டி.யில் கணினியியல் மேற்பட்டமும் பெற்று, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1994இல் முனைவரானார். அவரது ஆய்வேட்டின் விளைவே 'ஆஸ்டர்' என்னும் மென்பொருள். லாடெக்ஸ் கோப்பைப் பெற்று, அதன் அமைப்பை முதலில் மரம்போல் விரித்துக்கொண்டு, பிறகே அது பேசும். அடுக்கு வரும்போது குரல் உயரும். கீழ்க்குறி வரும்போது தாழும். நீண்ட சூத்திரத்தை முதலில் சுருக்கமாகக் கேட்டு, வேண்டிய கிளைக்குள் மட்டும் நுழைந்து விரிவாகக் கேட்கலாம். கண்ணுள்ளவன் சூத்திரத்தை மேலோட்டமாகப் பார்த்துப் பின் ஆழ்வதற்கு இது இணையானது. ராமன் பிற்காலத்தில் கூகுள் நிறுவனத்திலும் பணியாற்றினார்.

இதன் உட்பொருளை நம் வாசகர்க்கு விளக்க வேறெங்கும் செல்ல வேண்டாம். கையிலுள்ள முஸ்ஹஃபைத் திறந்தால் போதும். 'அ கூட்டல் ஆ வகுத்தல் இ' என்று ஒருவர் வாசிக்கிறார். அ ஆறு, ஆவும் இயும் இரண்டு எனில் விடை என்ன? அகரத்துக்குப் பின் நிறுத்தினால் ஏழு. ஆகாரத்துக்குப் பின் நிறுத்தினால் நான்கு. எழுத்து ஒன்றே, நிறுத்தமே பொருளைத் தீர்மானிக்கிறது. நம் ஓதல் மரபு இந்நுட்பத்தை நன்கறியும். ஹிஜ்ரி 560இல் மறைந்த இமாம் முஹம்மத் இப்னு தைஃபூர் ஸஜாவந்தீ (ரஹ்) நிறுத்தங்களைத் தரம்பிரித்தார்: கட்டாயம் நிறுத்துமிடத்துக்கு மீம், நிறுத்தினும் நிறுத்தாவிடினும் ஏற்குமிடத்துக்கு ஜீம், நிறுத்தலாகாத இடத்துக்கு லாம்-அலிஃப். இந்தியத் துணைக்கண்டத்து முஸ்ஹஃபுகளில் இன்றும் அவை அச்சாகின்றன. (ஹனஃபீ மதரஸாக்களில் ஓதப்படும் வாரிசுரிமை நூலான 'ஸிராஜிய்யா'வின் ஆசிரியரும் ஸஜாவந்தீயே, ஆயினும் அவர் வேறொருவர்.) வக்ஃபு அடையாளம் கண்ணுள்ளோர் வாயைச் செம்மைப்படுத்தியதுபோல், ராமனின் மென்பொருள் கணினியின் வாயைச் செம்மைப்படுத்தியது எனலாம்.

ஆயினும் தடை தீர்ந்தபாடில்லை. லாடெக்ஸ் மூலம் ஆசிரியரிடமே தங்கிவிடும்; வாசகர் கைக்கு வருவது பி.டி.எஃப். 1993இல் வெளியான அவ்வடிவம் தாளின் தோற்றத்தைக் காப்பதற்கென்றே பிறந்தது. இன்ன இடத்தில் இன்ன உருவம் என்பது மட்டுமே அதில் பதிவாகும். இது பின்னம், இது தலைப்பு, இது அட்டவணை என்னும் அறிவு அதனிடம் இல்லை. அமைப்பைக் குறிக்கும் ஒட்டுகளைச் சேர்க்கும் வசதி பின்னர் வந்தது. அதற்கான சர்வதேசத் தரம் 2012இல் ஏற்பட்டது. ஆனால் லாடெக்ஸ் அவ்வொட்டுகளைத் தானே இடுவதற்கு நெடுங்காலம் ஆயிற்று. லாடெக்ஸைப் பேணும் குழுவினர் 2020ஐ ஒட்டியே அப்பெருந்திட்டத்தை மேற்கொண்டனர். இணையத்துக்கோ 1998இலேயே 'மேத் எம்.எல்.' என்னும் கணிதக் குறிமொழி தரப்படுத்தப்பட்டிருந்தது. ஆய்வுக் கட்டுரைகளின் பெருங்களஞ்சியமான 'ஆர்க்கைவ்' 2023 டிசம்பர் முதல், பார்வையற்றோரைக் கருத்திற்கொண்டு, பி.டி.எஃப்.உடன் இணையப்பக்க வடிவையும் வழங்குகிறது. பழைய அச்சேடுகளைப் படமெடுத்துக் கணிதக் குறியீடுகளோடு எழுத்தாக்கும் மென்பொருளை ஜப்பானின் கியூஷூ பல்கலைக்கழகப் பேராசிரியர் மசகாசு சுசுகி குழுவினர் தந்துள்ளனர். விலையின்றிக் கிடைக்கும் திரைவாசிப்பான் 'என்.வி.டி.ஏ.'வை 2006இல் தொடங்கிய ஆஸ்திரேலியர் மைக்கேல் கரன் தாமும் பார்வையற்றவர்.

தமிழுக்கு வந்தால் இன்னொரு பூட்டு தொங்குகிறது; திண்டுக்கல் பூட்டைவிட அது திறக்கக் கடினமானது. ஆண்டுக்கணக்கில் தமிழ் அச்சகங்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களைப் பொருத்திய எழுத்துருக்களையே பயன்படுத்தின. திரையில் தமிழ், உள்ளே ஆங்கிலக் கலவை. கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. திரைவாசிப்பானுக்கோ அது பொருளற்ற ஓசை. 1999இல் சென்னைத் தமிழிணைய மாநாட்டையொட்டி 'டாம்', 'டாப்' குறியேற்றங்கள் தரமாயின. 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. அதற்கு முன்னர் அச்சான நூல்களின் கோப்புகள் பெரும்பாலும் பழைய பூட்டுடனேயே கிடக்கின்றன. அரபுத் தமிழை அறிந்த நமக்கு இது புரியாததன்று. அங்கே எழுத்துரு அரபு, உள்ளிருக்கும் மொழி தமிழ். ஓதினால் தமிழே கேட்கும். இங்கோ எழுத்துரு தமிழ். ஓதினால் தமிழ் கேட்பதில்லை. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் கல்யாணகிருஷ்ணன் குழுவினர் பார்வையற்றோர் இந்திய மொழிகளில் பேச்சுத்துணையோடு தட்டச்சிட வழிசெய்ததும், அங்கேயே பேராசிரியர் ஹேமா மூர்த்தி குழுவினர் தமிழ்ச் செயற்கைக் குரலைச் செம்மைப்படுத்தியதும் நன்றியுடன் குறிக்கத்தக்கவை.

சட்டம் பின்தங்கவில்லை. 2012இன் பதிப்புரிமைத் திருத்தம் மாற்று வடிவ நூல்களுக்கு விலக்களித்தது. 2014இல் மராக்கேஷ் உடன்படிக்கையை உலகில் முதலாவதாக உறுதிசெய்த நாடு இந்தியா. ஆனால் உரிமை கிடைத்தும் கணக்கு கிடைக்கவில்லை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் பார்வைக் குறைபாடுடையோர் ஒன்றேகால் லட்சத்துக்கும் மேல். அவர்களுள் கல்லூரி புகுவோர் பெரிதும் தமிழ், வரலாறு, ஆங்கிலம் ஆகிய துறைகளிலேயே காணப்படுகின்றனர். அத்துறைகளை நாம் தாழ்த்தவில்லை. விரும்பித் தேர்வது வேறு, வேறு கதவு திறவாமையால் நுழைவது வேறு. அண்டை மதுரையில் 1985இல் இந்தியப் பார்வையற்றோர் சங்கத்தைத் தோற்றுவித்த எஸ்.எம்.ஏ.ஜின்னா அவர்களும் பார்வையற்றவரே. பள்ளி, அச்சு, பயிற்சி எனப் பல துறைகளில் அச்சங்கம் உழைத்துள்ளது. அத்தகைய நிலையங்கள் எவ்வளவு முயன்றாலும், பாடநூலை முதலில் கோக்கும் அச்சகமே அமைப்பைப் பதிக்காவிடில் ஒவ்வொரு பின்னத்தையும் ஒருவர் மீண்டும் கையால் தட்டச்சிட நேரும்.

இறுதியாக, மென்பொருளால் மட்டும் தீராத ஒரு வினா தமிழறிஞர்க்கு உரியது. 3/4 என்பதை ஆங்கிலம் மேலிருந்து கீழே படிக்கிறது; மூன்று முதலில் வரும். தமிழோ 'நான்கில் மூன்று' என்று கீழிருந்து மேலே படிக்கிறது. ஆங்கிலப் பேச்சுவிதியைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் 'மூன்று மேல் நான்கு' என்னும் யாரும் பேசாத தமிழே பிறக்கும். சிறு எண்களுக்கு நம் மரபே போதும்: பாதி, கால், ஏழில் மூன்று. தொகுதியில் நீண்ட கோவை நிற்கும்போது கீழிருந்து தொடங்கினால் கேட்பவர் பகுதியை நெடுநேரம் நெஞ்சில் சுமக்க வேண்டும். அங்கே தொகுதியை முதலில் சொல்லி, ஒரு நிறுத்தம் தந்து, 'இவையனைத்தும் வகுத்தல்' என்று தொடர்வதே செவிக்கு இசைவு என்று நமக்குத் தோன்றுகிறது. பேகம்பூர் ஹாஃபிழிடம் இரு முறையிலும் வாசித்துக்காட்டினோம். கணவன், சகோதரியர் பங்குகளுக்கு அவர் முதல் முறையைத் தேர்ந்தார். நான்கு தலைமுறை வாரிசுகள் அடுக்கிவரும் முனாஸகா கணக்குகளுக்கு இரண்டாவதே வேண்டும் என்றார்.